பாடி முதல் பொன்பாடி வரை: ஒரு கண்டக்டரின் கணக்கு

வரைபடத்தில் பார்த்தால் அது சென்னையையும் திருப்பதியையும் இணைக்கும் நெடுஞ்சாலை. கையில் டிக்கெட் கட்டும் வாயில் விசிலுமாக அதில் காலம் தள்ளிய எனக்கு அது அப்படித் தெரிந்ததே இல்லை. பாடியில் ஏறி அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கும் லேத் பட்டறைப் பையன், பட்டாபிராமில் ஏறி திருநின்றவூரில் இறங்கும் பூக்காரம்மா, திருவள்ளூரில் ஏறி கனகம்மாசத்திரத்தில் இறங்கும் வாத்தியார் என்று துண்டு துண்டாகத்தான் அந்தச் சாலை எனக்குத் தெரியும். முதல் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை உட்கார்ந்து வருபவர்கள் பஸ்ஸில் கால்வாசி இருந்தாலே அதிகம்.

பஸ் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் நிர்ணயமானாலும் வசூலாவது ஸ்டேஜ் கணக்கில். ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் நடுவில் எங்கே இறங்கினாலும் காசு ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்டேஜ் வந்ததும், ஒவ்வொரு விலை டிக்கெட் கட்டிலும் அடுத்துக் கிழியப்போகும் எண் எது என்று இன்வாய்ஸில் எழுதிவிட வேண்டும். நெரிசலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, இன்னொரு கை எழுதும். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் முதலில் கை நீட்டுவது அந்தக் காகிதத்துக்குத்தான். எந்த ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை தூரத்துக்குச் சீட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும். இப்போது அதை டிக்கெட் மெஷின் செய்கிறது.

என் சொந்த ஊரான முத்தாபுதுப்பேட்டை இந்தச் சாலையில் இல்லை. ஆவடிக்கு வடக்கே, விமானப்படை வளாகத்தின் மதிலை ஒட்டிய ஊர். விடியற்காலை டூட்டி என்றால் இருட்டிலேயே ஆவடிக்கு வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் இந்தி சரளமாகப் புழங்கும். படைவீரர்களின் குடும்பங்களோடு பழகிப் பழகி, "கஹாம் ஜானா ஹை?" என்று கேட்க நானும் கற்றுக்கொண்டேன். திருத்தணியைத் தாண்டினால் தெலுங்கு வேண்டும். அதை அந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் திட்டித் திட்டியே சொல்லிக்கொடுத்தார்கள்.

சாலையின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள ஜனங்களுக்கு இது சி.டி.எச். ரோடு. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை என்பதன் சுருக்கம். அரசாங்கத்துக்கு வெகுகாலம் இது தேசிய நெடுஞ்சாலை 205. சென்னையில் தொடங்கி திருத்தணி, ரேணிகுண்டா, மதனப்பள்ளி வழியாக அனந்தப்பூர் வரை 442 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுப் பங்கு 82 கிலோமீட்டர்தான். 2010இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது இது 716 ஆனது. பாதையும் ரேணிகுண்டாவிலிருந்து கடப்பா பக்கம் திரும்பிவிட்டது. எண் மாறிய சங்கதி பஸ்ஸில் ஏறிய ஒருவருக்கும் தெரியாது, அதனால் ஒரு குறையும் வரவில்லை.

என் தங்கை மகன் கனடாவில், சாஸ்கட்செவான் மாகாணத்தில் இருக்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு ரோடு என்று படம் அனுப்புவான். அங்கே ரயில் போட்டவர்கள், விவசாயி குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்து போட்டுவிட்டு அன்றே வீடு திரும்பும் தூரத்துக்கு ஒரு ஸ்டேஷன் வைத்தார்களாம். ஸ்டேஷனைச் சுற்றித்தான் ஊரே முளைத்ததாம். நம் கதை தலைகீழ். இங்கே ஊர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உட்கார்ந்துவிட்டன. பாடியில் இருக்கும் திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம். திருமுல்லைவாயில் சுந்தரர் பாடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது, தண்டவாளம்தான் இந்த ஊர்களைத் தேடி வந்தது. ரோடும் ஏரிக்கரைகளுக்கும் கோயில் வீதிகளுக்கும் வளைந்து கொடுத்துத்தான் போக வேண்டியிருந்தது. அம்பத்தூர் ஏரி, திருநின்றவூர் ஏரி, காக்களூர் ஏரி என்று ஒவ்வொன்றையும் கடந்து போகும்போது, ஏன் இந்த ரோடு நேராகப் போகவில்லை என்று கேட்கும் பயணிகளுக்கு நான் அந்தத் தண்ணீரைத்தான் காட்டுவேன்.

ரயிலும் ரோடும் திருவள்ளூர் வரை அண்ணன் தம்பியாகப் பக்கத்தில் பக்கத்தில் வரும். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை எல்லாம் இரண்டுக்கும் பொது. திருவள்ளூர் தாண்டியதும் பிரிவு. ரயில் கடம்பத்தூர், திருவாலங்காடு வழியாக அரக்கோணத்துக்குத் தென்மேற்கே போய்விடும். ரோடு வடமேற்கே திரும்பிக் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். மறுபடி இரண்டும் சந்திப்பது திருத்தணியில்தான். ஆகவே திருவள்ளூர் வரை பஸ் ஓடாவிட்டாலும் ஜனங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிற கிராமங்களுக்குப் பஸ்ஸை விட்டால் நாதியில்லை. என் அனுபவத்தில் சாலையின் கனமான பகுதி அதுதான். ஆனால் பத்திரிகைகளில் வருவதெல்லாம் அம்பத்தூர் நெரிசல்தான்!

அம்பத்தூர் நெரிசலையும் குறை சொல்ல முடியாது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் என்று ஒரு காலத்தில் ஷிப்ட் விடும் நேரம் பார்த்து பஸ்ஸைக் கிளப்புவோம். அறுபதுகளில் வந்த தொழிற்பேட்டை அதைப் பல மடங்காக்கியது. ஆவடிக்கு வந்தால் அது தனி உலகம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது இங்கேதான். 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் இங்கே உண்டு. டாங்கி ஏற்றிய டிரெய்லர் முன்னால் ஊர்ந்து போக, பின்னால் எங்கள் பஸ்ஸும் அதன் பின்னால் இருபது லாரிகளும் ஊர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முந்திப் போக யாருக்கும் துணிச்சல் வராது.

பட்டாபிராமில் ராணுவக் கிடங்குக்குப் போகும் ரயில் பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகும். கேட் போட்டால் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே இரண்டு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதி முடித்துவிடலாம். அதன் மேல் பாலம் வந்தது, அதுவும் தவணை முறையில். 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். அடுத்த நெரிசலுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று.

திருநின்றவூரில் கொஞ்சம் நிற்க வேண்டும். பூசலார் நாயனார் ஊர் இது. கையில் காசில்லாமல், கல்லையும் சுண்ணாம்பையும் மனத்திலேயே சேர்த்து, மனத்திலேயே சிற்பிகளை வைத்து, சிவனுக்கு மனத்திலேயே கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில் இவரும் நாள் குறித்துவிட்டார். இறைவன் அரசன் கனவில் வந்து, நாளைக்கு நான் நின்றவூருக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். ராஜா தேடிக்கொண்டு வந்து பார்த்தால் ஊரில் கோயிலே இல்லை. இருதயாலீசுவரர் என்ற பெயரில் பின்னால் எழுந்த கோயில் இன்றும் இருக்கிறது.

பாடியிலிருந்து திருநின்றவூர் வரையிலான 22 கிலோமீட்டரை ஆறு வழியாக அகலப்படுத்தும் திட்டத்தை நான் பூசலார் திட்டம் என்றுதான் சொல்வேன். டிரைவர் அண்ணன் சிரிப்பார். நிலம் அளந்தார்கள், கல் நட்டார்கள், கடைச் சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள். கோடு வெளுத்து, கடைக்காரர் மறுபடி வெள்ளையடித்து, மகனுக்குக் கடையைக் கொடுத்தும்விட்டார். ராஜாவுக்குச் சாமி கனவில் வந்தார். நமக்கு அடிக்கடி வருவது அறிவிப்புதான். சாலையோர நிலம் வாங்குவதில் விலையும் வழக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. இத்தனை நெருக்கமாகக் கட்டிடம் எழும்பிய பிறகு அகலப்படுத்துவது லேசான காரியமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நெமிலிச்சேரி அருகே இந்த ரோட்டின் மேல் வெளிவட்டச் சாலை கடக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர், ஆறு வழி. வண்டலூர் – நெமிலிச்சேரி பாதி 2014இலும், நெமிலிச்சேரி – மீஞ்சூர் பாதி 2021இலும் திறந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாலவேடு வழியாகத்தான் போகிறது. சரக்கு லாரிகள் ஊருக்குள் வராமல் துறைமுகத்துக்குப் போக அது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் நின்று கை காட்டினால் எது நிற்கும்? இரண்டு ரோட்டுக்கும் அதுதான் வித்தியாசம். வெளிவட்டச் சாலைக்கு ஊர் என்றால் இடைஞ்சல். சி.டி.எச். ரோட்டுக்கு ஊர்தான் பிழைப்பு.

அந்தப் பிழைப்பைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். புது கண்டக்டர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அமாவாசை என்றால் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள். விடியற்காலையிலிருந்தே கையில் வெல்லத்தோடு கூட்டம் ஏறும். ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்பது நம்பிக்கை. கிருத்திகை என்றால் திருத்தணி. ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு ஏறுபவர்களுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கும் தைரியம் எந்தக் கண்டக்டருக்கும் கிடையாது. டிசம்பர் 31 இரவு திருத்தணி படித்திருவிழா. அன்று பஸ்ஸில் நிற்பதற்கே இடம் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்தால் திருமுல்லைவாயில் கொடியிடை நாயகி. அதே நாளில் மேலூர், திருவொற்றியூர் அம்மன்களையும் பார்த்துவிட வேண்டும் என்று பெண்கள் பறப்பார்கள். திங்கட்கிழமை கோயில் கணக்கில் சேராது, கலெக்டர் ஆபீஸ் கணக்கு. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டத் தலைநகரான பிறகு, மனுக் கொடுக்கப் போகிறவர்கள் அன்று ஏறுவார்கள். போகும்போது மடியில் காகிதத்தை மடித்து வைத்திருப்பார்கள், திரும்பும்போது முகத்தைப் பார்த்தே பதில் என்னவென்று சொல்லிவிடலாம்.

திருவள்ளூர் தாண்டினால் காற்றே மாறும். செங்கல் சூளை வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்கள், கீரைக்கட்டோடு பெண்கள், ஆட்டுக்குட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருக்கும் தாத்தா. "பெரியவரே, குட்டிக்கு டிக்கெட்டு?" என்றால், "அது இன்னும் பால் குடிக்குது, தம்பி" என்பார். பட்டரைப்பெரும்புதூர் வந்தால் சுங்கச்சாவடி. அந்த ஊரில் 2015–16இல் தொல்லியல் துறை தோண்டியது. கற்காலக் கருவியிலிருந்து உறைகிணறு வரை கிடைத்தது. இங்கிருந்து வடக்கே பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக சத்தியமூர்த்தி முன்னின்று தொடங்கி வைத்து, அவர் காலமான பிறகு 1944இல் முடிந்தது. அதற்கும் அப்பால் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே மனித மூதாதைகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்திருக்கிறார்கள் என்று 2011இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இத்தனை காலமாக ஆள் நடமாட்டம் உள்ள ஆற்றோரத்தில் ரோடு போடப்பட்டது நேற்றைக்குத்தான்.

கனகம்மாசத்திரம் திருப்பதி யாத்திரைக்காரர்கள் கால்நடையாகப் போன நாளை நினைவுபடுத்தும் ஊர். இங்கிருந்து தக்கோலத்துக்கு ரோடு பிரிகிறது. 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்ட போர்க்களம் அது. பிரிவு ரோட்டில் இறங்குபவர்களுக்கு அந்தச் சரித்திரம் இல்லை, அடுத்த மினி பஸ் எப்போது என்பதுதான் கேள்வி.

திருத்தணி இன்று நம்முடையது என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது இது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. எல்லைக் கோடு இப்போது பொன்பாடிக்குப் பக்கத்தில். ஆனால் பஸ்ஸில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நகரியில் பெண் கொடுத்து, திருத்தணியில் பெண் எடுத்து, ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கும் ஜனங்கள் அவர்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். திருநின்றவூர் பஸ் நிறுத்தம் அருகே ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அட்டையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி எழுதறே?"

"வண்டி எண்றேண்ணே. ரோடு சர்வே."

"என் பஸ்ஸுக்கு எத்தனை கோடு?"

"ஒண்ணுதான்."

"உள்ளே எழுபது பேர் இருக்காங்களே."

"அதுக்கு இதுல கட்டம் இல்லைண்ணே."

அவன் சொன்னது சரிதான். எத்தனை வழி போட வேண்டும் என்று முடிவு செய்ய, எல்லா வண்டிகளையும் காராக மாற்றிக் கணக்குப் போடுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் கிராமப்புறச் சாலைகளுக்கு வகுத்த கணக்கில் ஒரு கார் என்றால் 1. மோட்டார் சைக்கிள் 0.5. லாரியோ பஸ்ஸோ 3. பெரிய மாட்டு வண்டி 8, ஏனென்றால் அது மெல்ல ஊர்ந்து பின்னால் வருபவர்களை மறிக்கிறது. ரோட்டில் எவ்வளவு இடத்தை ஒரு வண்டி அடைக்கிறது என்பதற்கான கணக்கு இது. அந்த வேலைக்கு இது சரியான கணக்கு. ஆனால் ஓட்டுநரைத் தவிர யாரும் இல்லாத மூன்று கார்களும் எழுபது பேர் நெருக்கி நிற்கும் ஒரு பஸ்ஸும் இதில் சமம். குறுக்கே கடக்க நிற்கும் கிழவிக்கும், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இதில் எண்ணே கிடையாது.

எண் இல்லாதவர்களுக்கு ரோட்டில் இடமும் கிடைப்பதில்லை. திருவள்ளூருக்கு அப்பால் நாலுவழியான இடங்களில் நடுவில் தடுப்பு வந்துவிட்டது. முன்பெல்லாம் இறங்கியதும் எதிரே வீட்டுக்குப் போனவர், இப்போது இடைவெளி தேடி நடக்க வேண்டும், இல்லையென்றால் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தடுப்பைத் தாண்ட வேண்டும். இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். வேகம் கூடியதும் பஸ்ஸை ஓரம் கட்டவே டிரைவருக்குப் பயம். நிழற்குடை ஒரு பக்கம், பஸ் நிற்கும் இடம் நூறு அடி தள்ளி. நாலுவழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவழியில் லாரிக்கு எதிரே முந்திய வண்டிகள் செய்த அநியாயத்தைப் பார்த்தவன் நான். யாருக்காக அகலப்படுத்துகிறோம் என்ற கணக்கில் பாதிப் பேர் விடுபட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் புகார்.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு இரண்டு ஸ்டேஜ், மூன்று ஸ்டேஜ் பயணம் இன்னும் கூடியிருக்கிறது என்று இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். நடந்து போனவர்களும், போகாமலே இருந்தவர்களும் ஏறுகிறார்கள். நாற்காலிப் பையனின் அட்டையில் அவர்கள் ஒரு கோடுகூடக் கூட்டியிருக்க மாட்டார்கள், ஓடும் பஸ்களின் எண்ணிக்கை அதேதானே.

ஆனால் அந்த ஆட்களின் கணக்கு எங்கும் தொலைந்துவிடவில்லை. இலவசச் சீட்டும் சீட்டுத்தான், அதையும் கிழித்துத்தான் கொடுக்கிறார்கள். எந்த நிறுத்தத்தில், எந்த மணிக்கு, எத்தனை பேர் ஏறினார்கள் என்பது டிக்கெட் மெஷினில் ஒவ்வொரு நாளும் பதிவாகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு எங்கள் கையெழுத்தில் இன்வாய்ஸ்கள் இருந்தன. ரோடு போடுகிறவர்களுக்கு இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை, இரண்டும் ஒரே அரசாங்கம்.

ஆகவே பாடி – திருநின்றவூர் அகலப்படுத்தும் வேலையைக் கையில் எடுக்கும் பொறியாளர்களுக்கு இந்தப் பழைய கண்டக்டரின் கோரிக்கை இதுதான்: வரைபடத்தை விரிப்பதற்கு முன் டெப்போவுக்கு ஒரு முறை போய் வாருங்கள். ஸ்டேஜ் வாரியான கணக்கைக் கேளுங்கள். ஆள் அதிகம் ஏறும் இடத்தில் பஸ் நிற்க ஒதுங்கல் வையுங்கள், ஆள் கடக்கும் இடத்தில் தடுப்பைத் திறந்து சிக்னல் வையுங்கள், நிழற்குடையை பஸ் நிற்கும் இடத்திலேயே கட்டுங்கள். நிலம் வாங்கி முடியும் வரை அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவற்றை இருக்கிற ரோட்டிலேயே இந்த வருஷமே செய்துவிடலாம்.